ஈயத்தூள் விழுந்த காம்பரா

என் அன்பு மகனுக்கு,

தந்தியைப் பார்த்துப் பயந்திருப்பாய். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நினைக்கிற சனம் நாம். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நேற்றுக் காலை தேயிலை லொறியில் தொற்றிக்கொண்டு மடுல்சீமையிலிருந்து பசறைக்குப் போனேன். தபால் ஆபீஸில் நின்று, "வீட்டில் ஈய வேலை செய்யாதே, குழந்தையைக் கிட்டே விடாதே, கடிதம் வருகிறது" என்று தமிழில் சொன்னேன். அங்கிருந்த ஐயா அதை இங்கிலீஷில் சுருக்கி எழுதிக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு கடுதாசி போட்டா மூணு நாள்ல போயிருமே" என்றார். அந்த மூன்று நாள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கொழும்பு ரயில் பட்டறையில் உன் மேலாளாக இருக்கிற என்ஜினியர் துரை, ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் ஒரு சின்ன ரயில் என்ஜின் செய்கிறார் என்றும், அதற்கு வேண்டிய ஈய வார்ப்பு உருப்படிகள் சீமையிலிருந்து பெட்டியில் வந்திருக்கின்றன என்றும், அவற்றைச் சுத்தம் செய்து பொருத்துகிற வேலையை உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். படித்தபோது எனக்கு இருபது வயது குறைந்தது போல இருந்தது. "அப்பா, பிசிறை வழிக்கும்போது உருவம் கெடாமல் இருக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? பற்றவைக்கப் போனால் உருப்படியே உருகிவிடுகிறதே, அதற்கு என்ன வழி?" என்று கேட்டிருந்தாய். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் உனக்கு ஏதோ இருக்கிறதே என்று மனசு பொங்கியது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், அதில் மருமகளையும் பேத்தியையும் பற்றி இருந்தது. "பொன்னுத்தாய் பேனாக் கத்தியால் பிசிறு வழிப்பதில் என்னை மிஞ்சிவிட்டாள். சாயந்தரம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து செய்கிறோம். பாப்பா நடுவில் உட்கார்ந்து, உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி விளையாடுகிறாள்" என்று எழுதியிருந்தாய். அங்கே ஒரு நிமிஷம் எனக்கு எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. உன் அம்மாவுக்குக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வரியை மட்டும் விழுங்கிவிட்டு, "பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறதாம்" என்ற இடத்துக்குத் தாவிவிட்டேன்.

உனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பவளம். உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது போய்விட்டாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நீ தள்ளாடித் தள்ளாடி நடந்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. மாந்தம் கண்டு செத்தாள் என்று உனக்குச் சொல்லி வைத்தோம். ஊருக்கும் அப்படித்தான் சொன்னோம். அது மாந்தம் இல்லை, மகனே. அவள் எதனால் செத்தாள் என்பதை நான் பதினாறு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இப்போது உனக்குச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் நீ என் வார்த்தையைக் கிழவனின் பயம் என்று தள்ளிவிடுவாய்.

அந்தக் காலத்தில் எனக்குக் கொழுந்தைத் தேயிலையாக்கிப் பெட்டி போடுகிற ஸ்டோரில் பெட்டி வேலை. பலகைப் பெட்டிக்குள் ஈயத் தகட்டை விரித்து, தேயிலையைக் கொட்டி மிதித்து, மேல் தகட்டை மூடி, காற்றுப் புகாமல் ஓரம் முழுக்கப் பற்றவைக்க வேண்டும். கப்பலில் மாதக்கணக்காகப் போகிற தேயிலை. ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் உப்புக் காற்று உள்ளே போய்விடும். நான் மூடிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அது தோட்டத்தை நடத்தின பெரிய துரைக்குத் தெரியும். ஒரு நாள் அவர் என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டு, மேசைமேல் வரிசையாக மரத்தில் செதுக்கின சாமான்களைக் காட்டினார். நம் ஸ்டோரின் தண்ணீர்ச் சக்கரம், இலை அரைக்கிற ரோதை, அடுப்பு, கொழுந்து பறிக்கிற பெண்கள் என்று எல்லாம் விரல் அளவில் இருந்தன. அவரே கத்தியால் செதுக்கியது. "நான் தை மாசம் சீமைக்குப் போறது. திரும்பி வர்றது இல்லை. என் அப்பா ரொம்ப வயசு. அவர் இந்தத் தோட்டம் பார்த்தது இல்லை. இது எல்லாம் நீ ஈயத்திலே ஊத்திப் பண்ணு. அப்பா கையிலே குடுக்கணும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். வேலை வாங்குகிற துரை அல்ல, அப்பாவுக்கு ஒன்றைக் கொண்டுபோக ஆசைப்படுகிற மகன் என்றுதான் அன்றைக்கு எனக்கு அவர் தெரிந்தார்.

வார்ப்பதை ஸ்டோரிலேயே செய்தேன். பெட்டிக்கு வெட்டி மிஞ்சின ஈயத் தகட்டை உருக்கி, கெட்டிப்படுவதற்குத் துரை கொடுத்த வெள்ளீயத்தைச் சேர்த்து ஊற்றுவேன். ஆனால் அச்சிலிருந்து எடுத்ததும் உருப்படி முடிந்துவிடுவதில்லை, உனக்கே தெரியும். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் மெல்லிசாகப் பிசிறு தொங்கும். ஊற்றின வாய் ஒரு குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் வெட்டி, வழித்து, ராவி எடுக்க ஒரு உருப்படிக்கு அரை நாள் ஆகும். ஸ்டோர் வேலைக்கு நடுவில் அதற்கு நேரம் ஏது? அதனால் சாக்கில் கட்டி லயத்துக்குக் கொண்டு வந்தேன். லயத்து வரிசையில் நமக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் பகல் வெளிச்சம் விழுகிற இடம் வாசல் ஓரம் ஒன்றுதான். அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குடுங்க இங்க. நீங்க ராவுற ராவுல பொம்பளைக்கு மூக்கே இல்லாமப் போயிரும்" என்று பொம்மையைப் பிடுங்கிக்கொண்டாள். கொழுந்து கிள்ளுகிற விரல் அவளுக்கு. அரத்தைத் தொடவே இல்லை. சின்னக் கத்தியைப் படுக்கவைத்து, தன் பக்கமாக இழுத்து இழுத்துப் பிசிறை மட்டும் சுருளாக எடுத்தாள். உருவத்தில் ஒரு கீறல் விழவில்லை. உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான், மகனே: மெத்தென்ற உலோகத்தில் அரத்தை நம்பாதே, கத்தியைப் படுக்கவைத்து வழி. அரம் போட்டே ஆக வேண்டும் என்றால் பல்லில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துக்கொள், ஈயம் அடைக்காது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது உன் அம்மாதான்.

பொம்மைகளுக்குக் கூடையைத் தனியாக வார்த்திருந்தோம். துரை செதுக்கின மாதிரியில் கூடை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அம்மா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பரா ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "கூடைய இப்பிடியா மாட்டுவாங்க? கயிறு தலையில இல்ல இருக்கணும்! இப்பிடிப் போட்டா பாதி மலை ஏறுறதுக்குள்ள தோளு கழண்டுரும். போய்ச் சொல்லுங்க உங்க தொரைகிட்ட." நான் போய்ச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "பதினெட்டு வருஷம் நான் பார்க்கிறது, கண்ணுக்கு இது தெரியலே" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு பொம்மையின் முதுகிலும் கூடையைத் தலைக்கயிறு போட்டுப் பொருத்தினேன். பற்றாசைக் காய்ச்சிப் பொருத்தினால் பொம்மையும் கூடவே உருகிப்போகும், நீ சொல்வது சரிதான். முதல் இரண்டு பொம்மைகளை நானும் அப்படித்தான் கெடுத்தேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு பக்கமும் ஊசித் துளை போட்டு, பித்தளைக் கம்பியில் ஒரு துண்டு வெட்டிச் செருகி, முதலில் பற்றாசே இல்லாமல் பொருத்திப் பார். அசையாமல் உட்கார வேண்டும். பிறகு பொம்மையை ஈரக் களிமண்ணில் கழுத்துவரை புதைத்து, சேருகிற இடத்தை மட்டும் வெளியே விடு. சூட்டையெல்லாம் களிமண் இழுத்துக்கொள்ளும். குங்கிலியத்தைத் தொட்டு வைத்து, காய்ச்சின இரும்பால் ஒரே ஒரு தடவை தொட்டு எடு. இரண்டாவது தடவை தொட ஆசை வரும். தொடாதே. வெள்ளித் தாள் போலப் பற்றாசு ஓடி நின்றுவிடும்.

உன் அம்மாவுக்கும் எனக்கும் அப்போது கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தில் நாங்கள் உட்கார்ந்து பேசியதை எண்ணிச் சொல்லிவிடலாம். விடிந்தால் அவள் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறுவாள், நான் ஸ்டோருக்கு. இருட்டின பிறகு கஞ்சியைக் குடித்துவிட்டு விழுந்தால் மறுபடியும் விடிந்துவிடும். அந்த நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவள் எப்படிச் சிரிப்பாள், யாரைப் போல நடித்துக் காட்டுவாள், சின்ன வயதில் எதற்குப் பயந்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆடிக் காற்று லயத்துத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்கும். கையில் வேலை, வாயில் பேச்சு. என் ஆயுசில் நான் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யாராவது கேட்டால், அந்த நாலு மாதத்தைத்தான் சொல்ல வேண்டும். இதை எழுதவே கை கூசுகிறது. ஏனென்றால் எங்கள் இருவருக்கும் நடுவில், அந்தச் சாக்கின்மேல், பவளம் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது ஒரு வயது முடிந்து சில மாதம். மினுமினுவென்று உதிர்கிற தூளை உள்ளங்கையால் தட்டுவாள், கையை வாயில் வைப்பாள். உன் அம்மா கையைத் துடைத்துவிடுவாள், அவ்வளவுதான். மண்ணைத் தின்னாத பிள்ளை உண்டா என்று நினைத்தோம். ஐப்பசியில் அவளுக்கு மலம் இறுகியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுவாள். சாப்பாட்டைத் தள்ளினாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. எழுந்து நிற்கப் பழகியிருந்தவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். பூச்சி என்றார்கள், மருந்து கொடுத்தோம். கண்ணேறு என்றார்கள், மாரியம்மன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினோம். மார்கழி மழையில் ஒரு மத்தியானம் அவளுக்குக் கைகால் வெட்டி இழுப்பு வந்தது. ஸ்டோருக்கு ஆள் ஓடி வந்தான். நான் வந்து சேர்ந்தபோது உன் அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "பவளம், இங்க பாரு, அப்பா வந்துட்டாரு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. ஆற்றோரம் சவுக்கு மரங்களுக்குக் கீழே வைத்தோம்.

இதைவிட வெட்கமானது ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். அவள் நோயில் கிடந்த நாட்களிலும் நான் வேலையை நிறுத்தவில்லை. துரையின் கப்பல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அழ அழ நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ச் சக்கரத்தின் தொட்டிகளை ராவிக்கொண்டிருந்தேன். அவள் போன எட்டாம் நாள் அதே வாசலில் மறுபடியும் உட்கார்ந்து மிச்சத்தை முடித்தேன். துயரத்தை மறக்க வேலை செய்கிறான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அது பாதிதான் உண்மை. வேலை நன்றாக வந்துகொண்டிருந்தது, மகனே. அதை விட மனசு வரவில்லை. முடித்துப் பங்களாவுக்குக் கொண்டுபோய் வைத்து, சக்கரத்தின்மேல் தண்ணீர் விட்டோம். சக்கரம் சுற்றியது, ரோதையும் கூடச் சுற்றியது. துரை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னார். போகும் முன் என்னை மெஷின் பொருத்துகிற பிட்டர் வேலைக்கு ஏற்றிவிட்டுப் போனார். நான் ஏற்றுக்கொண்டேன். உன்னைப் படிக்க வைத்தது அந்த வேலைதான்.

ஐந்து வருஷம் கழித்து, தோட்டத்துக்குப் புதிதாக மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர். எனக்கு வயிற்றுவலி என்று போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லி, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலக் கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறதாம். "நீர் ஈயத்தில வேலை செய்யிறனீரோ?" என்று கேட்டார். செய்கிறவன்தான் என்றேன். "அது நஞ்சு. கை கழுவாமச் சாப்பிடாதையும். உடுப்போட வீட்டை போகாதையும். பெரியாக்கள் தாங்குவினம், சின்னப் பிள்ளையள் தாங்காதுகள்" என்றார். சின்னப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். மலம் இறுகும். வயிறு வலிக்கும். வெளுக்கும். நடக்கிற பிள்ளை நடக்க மாட்டாது. கடைசியில் இழுப்பு வரும். அவர் பார்த்தே இராத என் மகளை வரிசையாக எனக்குச் சொன்னார். "உம்மடை வீட்டில பிள்ளையள் இருக்குதுகளோ?" என்று கேட்டார். ஒரு பையன், பெரியவன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

லயத்துக்கு வந்தபோது உன் அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாரு மருந்துக்காரரு?" என்றாள். "ஒண்ணுமில்ல, சூடு" என்றேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். பிறகு வந்த எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். பிசிறு வழித்ததில் பாதி அவள் கைதானே, தன் கையால் பிள்ளையைக் கொன்றதாக நினைத்து உடைந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. வீட்டுக்குள் அதைக் கொண்டு வந்தவன் நான். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பாளே, அந்தக் கை என் பக்கம் நீளாமல் போய்விடும் என்று பயந்தேன்.

ஆகவே கேட்டுக்கொள். என்ஜினியர் துரையின் பெட்டியை இன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோய்விடு. அங்கேயே செய், சன்னல் ஓரமாக, உருப்படியை நனைத்துக்கொண்டு செய். தூள் பறக்கக் கூடாது. முடித்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவு, நகத்துக்குள்ளும். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வா. வீட்டுத் தரையைத் துடைப்பத்தால் கூட்டாதே, ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடு. பாப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல். அவள் நன்றாகத் தின்று சிரித்து விளையாடுகிறாள் என்றுதான் எழுதியிருக்கிறாய், அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என்ஜினியர் துரை கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வேலையை விடச் சொல்லவில்லை. உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்று உன் எழுத்திலேயே தெரிகிறது; அது என்னிடமிருந்து வந்த ஆசை, அதைப் போய் நான் எப்படித் தடுப்பேன்? வீட்டில் செய்யாதே என்றுதான் சொல்கிறேன். இன்னொன்று, நீ பதில் எழுதும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

இங்கே நிறுத்திவிட்டுப் போனேன். இதற்குக் கீழே எழுதுவது மூன்று நாள் கழித்து. மேலே கடைசியாக எழுதின வரியை அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். நான் எப்பேர்ப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

லொறிக்காரன் சொல்லிவிட்டான். "ஒங்க வீட்டுக்காரரு தந்தி குடுக்கப் பசறைக்கு வந்தாரே, மகனுக்கு என்னா?" என்று குடத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான். உன் அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்க நின்று, "எம்புள்ளைக்கு என்னா? மறைக்காமச் சொல்லுங்க" என்றாள். உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் அவள் நம்பவில்லை. நம்ப வைக்க வேறு வழி தெரியவில்லை. எழுதின கடிதத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து படித்தேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள். டிஸ்பென்சர் சொன்ன இடம் வந்தபோது மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படித்து முடித்த பிறகும் அழவில்லை. அடுப்பை மூட்டினாள், சோறாக்கினாள், எனக்குப் போட்டாள். அன்றும் மறுநாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பதினாறு வருஷமாகப் பயந்தது இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளாகவே பேசினாள். "அவளுக்குப் பல்லு மொளைக்கிறப்ப ஈறு அரிச்சு அழுதுகிட்டே இருப்பா. சக்கரத்துல ஒண்ணு கோணலா வந்துருச்சுன்னு நீங்க தூக்கிப் போட்டீங்கல்ல, அத நான்தான் கழுவி அவ கையில குடுத்தேன். கடிச்சா சில்லுன்னு இருக்கும், அழுகைய நிறுத்திருவா. நீங்க நிம்மதியா வேலை செய்வீங்க." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு மேலே சொன்னாள். "கடைசியா அவளக் குளிப்பாட்டுறப்ப பார்த்தேன். ஈறு கருத்துக் கெடந்துச்சு. அந்தச் சக்கரத்துல பல்லுத் தடம் இருந்துச்சு. எனக்கு மருந்துக்காரரு யாரும் சொல்லல. ஆனா எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆத்துல வீசிட்டு வந்தேன்." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. "எப்பிடிச் சொல்ல? மறுபடியும் அரத்தத் தூக்கிக்கிட்டு அதே வாசல்ல உக்காந்தீங்களே! சொன்னா நீங்க தாங்குவீங்களா? இல்ல, என்னையத்தான் வச்சுக்குவீங்களா?" என்று கத்தினாள். பிறகுதான் அழுதாள். இருபத்தோரு வருஷம் ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில் ஆக்கித் தின்றுகொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் பவளத்தைச் சுமந்திருக்கிறோம்.

நேற்றுச் சாயந்தரம் சவுக்கு மரங்களடிக்குப் போய்விட்டு வந்தோம். குழி எது என்று இப்போது அடையாளம் இல்லை. ஆறு கரையைக் கொஞ்சம் தின்றுவிட்டது. உன் அம்மா ஏதோ ஓர் இடத்தில் நின்று, "இருந்தா இந்நேரம் கட்டிக் குடுத்திருப்போம். அவளுக்கும் ஒரு புள்ள இருக்கும்" என்றாள். பவளம் என்ற பேரை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. நடந்து வரும்போது பேசினோம், வந்தும் பேசினோம். பவளம் உயிரோடு இருந்த அந்தக் கொஞ்ச நாளைப் பற்றி எனக்குத் தெரியாதது உன் அம்மாவிடம் எவ்வளவோ இருக்கிறது. அவளுக்குத் தெரியாதது என்னிடமும் ஒன்றிரண்டு இருந்தது.

பொன்னுத்தாயை உட்கார வைத்து இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டு. பால் கொடுக்கிறவள், மனசு சங்கடப்படுவாளே என்று எதையும் விழுங்காதே. அவள் உன்மேல் கோபப்பட்டால் படட்டும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகப் போங்கள், ஒருவர் போய் ஒருவருக்குச் சொல்ல வேண்டாம். வேலையில் நீ என்னை மிஞ்ச வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டில் நீ என்னைப் போல இருக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை. ரயில்தான் இப்போது பதுளை வரைக்கும் வருகிறதே. உன் அம்மா வண்டி ஏறப் பயப்படுவாள் என்று நினைத்திருந்தேன். பேத்தியைப் பார்க்க எப்போது கிளம்புகிறோம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே இப்போதிருக்கிற துரையிடம் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் புறப்படுகிறோம்.

உன் அம்மா வாசல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். "பவளம் மொதமொதல்ல எதைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னா, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. நான் அப்போது ஸ்டோரில் இருந்திருப்பேன். அவள் சொல்லப் போகிறாள், நான் போய்க் கேட்க வேண்டும். இதோடு நிறுத்துகிறேன்.

உன் அப்பா